பிரித்து வைத்த அம்பாரம்

என் சின்னப்பா ஹனீபா சாச்சா கடப்பாரையை அம்பாரத்துக்குள் ஆழமாகச் செருகி, இப்படியும் அப்படியும் ஆட்டி, வெளியே இழுத்தார். முனையை மூக்குக்கிட்டே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். நோன்பு வைத்திருந்ததால் நக்கிப் பார்க்கவில்லை.

"உப்புதான்," என்றார். குரலில் ஏமாற்றம்.

"உப்பளத்துல உப்பு இல்லாம சர்க்கரையா இருக்கும்?" என்றார் அத்தா, என் அப்பா.

மரக்காணம் அளத்தில், ஒரு ரம்ஜான் மாதத்து முற்பகல். எமர்ஜென்சிக்கு ஒன்றிரண்டு வருஷம் முன்னால் இருக்கும். பாத்திகளில் வாரிய உப்பைக் கரையோரம் குவித்து, மழைக்குக் கரையாமல் இருக்கக் கீற்று போட்டு மூடி வைப்பார்கள். அதுதான் அம்பாரம். எங்கள் அம்பாரங்கள் எல்லாம் ரோட்டுப் பக்கம் வரிசையாக நின்றன. இது ஒன்று மட்டும் தள்ளி, தண்ணீர் எட்டாத மேட்டில் தனியாக நின்றது. மற்றதற்கெல்லாம் பழைய கீற்று. இதற்கு மட்டும் புதுக் கீற்று.

அன்று காலை லாரி வந்தபோது மேஸ்திரி ஏகாம்பரம் இதிலிருந்தும் வாரப் போயிருக்கிறான். அத்தா, "அத விட்டுடு," என்று தடுத்துவிட்டார். அதை சாச்சா பார்த்துவிட்டார். அப்புறம் கேட்க வேண்டுமா?

"யாருக்கு வெச்சிருக்கே அண்ணே?"

"அது நம்மளுது இல்ல."

"நம்ம அளத்துல வெளைஞ்சது நம்மளுது இல்லேன்னா யாருது?"

அத்தா வானத்தைப் பார்த்தார். எனக்குத் தெரிந்து என் அத்தா பதில் சொல்லாமல் வானத்தைப் பார்த்தது அன்றுதான். பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு மாப்பிள்ளைக்காக வீட்டில் உட்கார்ந்திருந்த வயது எனக்கு. இந்த உலகத்தில் பொய் சொல்லாத ஆள் ஒருவர் உண்டென்றால் அது என் அத்தா என்று நம்பியிருந்தேன்.

தம்பிக்குத் தெரியாமல் சரக்கை ஒளிக்கிறாரா? என் அத்தா திருடரா? அந்த ரம்ஜான் முழுக்க என்னைத் தின்றது இந்த ஒரு கேள்விதான்.

சந்தேகக் குடும்பம்

போன வாரம் எங்கள் வீட்டுக் கல்யாணங்களைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "உங்க குடும்பத்துல யாரும் யாரையும் நம்ப மாட்டீங்களா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். நம்ப மாட்டோம் அம்மா. அரிசிக்காரன் படியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் அரிசி அளக்க விடுவோம். அந்த ரத்தம்தான் எனக்கும்.

கோட்டக்குப்பத்தில் எங்கள் வீடு. ஒரே வாசல், இரண்டு அடுப்படி. முன்பக்கம் நாங்கள். பின்பக்கம் அத்தாவின் தம்பி ஹனீபா சாச்சா. மரக்காணத்து அளத்தை இரண்டு பேரும் பாதிக்குப் பாதி போட்டுக் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். லாபமும் பாதி, நஷ்டமும் பாதி. அந்த வருஷம் உப்பு விலை படுத்துக்கிடந்தது. மழை பிடித்த பிறகுதான் ஏறும் என்று பாதிச் சரக்குக்கு மேல் அளத்திலேயே நின்றது.

சாச்சா கெட்டவர் இல்லை. கையை இறுக்கிப் பிடிக்கிறவர். கடைத்தெருவில் கொத்தமல்லி வாங்கினால் கறிவேப்பிலை இலவசமாகக் கிடைக்கும் வரை நகர மாட்டார். ஆரோவில் பக்கம் வெள்ளைக்காரர்கள் செம்மண்ணில் மரம் நடுவதைப் பார்த்துவிட்டு வந்து, "சும்மா நடுவானா? கீழ ஏதோ இருக்குது," என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நீலக் கட்டி

ரம்ஜான் வந்தால் எங்கள் வாசலில் கூட்டம் நிற்கும். ஜகாத் வாங்க எங்கெங்கிருந்தோ பெண்கள் வருவார்கள். தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. சம்பாதித்து, செலவு போக வருஷம் முழுக்கக் கையில் நின்ற பொருளில் நாற்பதில் ஒரு பங்கை ஏழைக்குக் கொடுத்தாக வேண்டும். அதுதான் ஜகாத். மனசு இளகிப் போடுகிற தருமம் இல்லை. அந்தப் பங்கு முதலிலிருந்தே ஏழையுடையது, நம்மிடம் தங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

சாச்சா அந்தக் கூட்டத்துக்குச் சில்லறை கொடுப்பார். கொடுத்த கையோடு வாங்கினவள் ஆட்காட்டி விரலைப் பிடித்து, துணிக்குப் போடும் நீலக் கட்டியைக் கரைத்து ஒரு பொட்டு வைத்துவிடுவார். ஓட்டுச்சாவடியில் வைப்பார்களே, அதே மாதிரி. ஒருத்தியே இரண்டு தரம் வந்துவிடக் கூடாதாம்.

"தலைய மூடிக்கிட்டு வந்தா எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கறாளுங்க," என்பார்.

ஒரு வருஷம் ஒரு பெண் அந்த விரலைப் பார்த்துவிட்டு, "இதுக்கு நான் பட்டினியாவே இருந்துருவேன் பாய்," என்று காசைப் படியிலேயே வைத்துவிட்டுப் போனாள். சாச்சா காசை எடுத்துத் துடைத்து அடுத்தவளுக்குக் கொடுத்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

அத்தாவுக்கு இது அறவே பிடிக்காது. "குடுக்கற கை வெளிய தெரியக் கூடாது, வாங்கற மூஞ்சி வெளிய தெரியக் கூடாது," என்பார். அவர் யாருக்குக் கொடுக்கிறார் என்று அம்மாவுக்கே தெரியாது. இதுவே பெரிய வினையாகிவிட்டது.

அம்மாவின் மூக்கு

அளத்துக்கு நானும் அம்மாவும் அன்று எதற்குப் போனோம் என்று சொல்லவில்லையே. கருவாடு வாங்க என்று அத்தாவிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினோம். நோன்பு நாளில், அந்த வெயிலில், கருவாட்டுக்காக யாராவது மரக்காணம் போவார்களா? வேவு பார்க்கத்தான் போனோம்.

அம்மாவின் சந்தேகம் வேறு ரகம். அந்த மாதம் அத்தா இரண்டு மூன்று தரம் அளத்திலேயே தங்கிவிட்டார். சட்டையைத் துவைக்கப் போடும் முன் அம்மா முகர்ந்து பார்ப்பாள். வேர்வையும் உப்பும்தான் வாசனை. அதுவும் அவளுக்குச் சந்தேகம்தான். "அத்தர் பூசுற மனுஷன் ஏன் பூசல? வாசனையில கண்டுபிடிச்சிருவேன்னுதானே?"

புதுக் கீற்று போட்ட அம்பாரத்தைப் பார்த்ததும் அம்மா என் கையை அழுத்தினாள். "பாத்தியாடி? எவளுக்கோ குடித்தனம் வெச்சுக் குடுக்க சேக்கறாரு."

சாச்சாவின் சந்தேகம் வேறு. அந்தக் காலத்தில் ராத்திரியில் தோணிகளில் வாட்ச் வருகிறது, தங்க பிஸ்கட் வருகிறது என்று கடற்கரை முழுக்கப் பேச்சு. யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் உப்புக்குள் புதைத்து வைத்தால் யார் தேடுவார்கள் என்று எல்லோருக்கும் யோசனை ஓடியது. அதனால்தான் கடப்பாரை.

பிஸ்கட் இல்லை என்று தெரிந்ததும் சாச்சாவின் முகம் இன்னும் இறுகியது. "அப்ப வெறும் உப்பத்தான் திருடறே," என்றார்.

ஏகாம்பரம் நடுவில் வந்து, "ஏன் பாய், நோம்பு நாள்ல எதுக்கு சண்டை? பெரிய பாய் ஏதாவது காரணமாத்தான் வெச்சிருப்பாரு," என்றான். சாச்சா அவனையும் ஒரு பார்வை பார்த்தார். இவனும் கூட்டோ என்று.

அத்தா ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனத்தை நான் மன்னிக்கவே இல்லை. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன்.

திரைக்குப் பின்னால்

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார் சாச்சா. அப்புறம் பள்ளிவாசலில் தொழவைக்கும் ஹஜ்ரத்தை வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டார். கூடத்தில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். திரைக்கு இந்தப் பக்கம் அம்மா, சாச்சி, நான்.

"பொதுச் சரக்குல கை வெச்சிருக்காரு. கேட்டா பதில் இல்ல. நீங்களே கேளுங்க ஹஜ்ரத்," என்றார் சாச்சா.

அத்தா அப்போதுதான் வாயைத் திறந்தார். "அது ஜகாத்து ஹஜ்ரத். இந்த வருஷம் கையில ரொக்கம் இல்ல. சரக்காவே குடுக்கலாம்னு நீங்கதான் சொன்னீங்க. நாப்பதுல ஒண்ணு பிரிச்சேன். உரியவங்ககிட்ட சொல்லி ஒப்படைச்சுட்டேன். வெலை ஏறுனதும் அவங்களே வித்துக்குவாங்க. அவங்க பேர வெளிய சொல்லக் கூடாதுன்னுதான் பேசாம இருந்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில். திருடர் இல்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று முணுமுணுத்தேன். அம்மா மட்டும் 'அவங்க' என்ற வார்த்தையையே கடித்துக்கொண்டிருந்தாள்.

ஹஜ்ரத் ஒரு கேள்வி கேட்டார். "நாப்பதுல ஒண்ணுன்னா, உங்க பங்குலயா, மொத்தத்துலயா?"

"மொத்தத்துல."

"தம்பிகிட்ட கேட்டீங்களா?"

"கேட்டா குடுக்க மாட்டான். வாசல்ல சில்லறை போட்டுட்டு ஜகாத்து முடிஞ்சதுன்னு நெனைச்சுக்கறான். அவன் தலையில பாவம் ஏறுதே, அண்ணன் நான் பாத்துக்கிட்டு இருக்கறதா? அதான் அவனுக்கும் சேத்து நானே குடுத்துட்டேன்."

பிறகு சாச்சாவின் குரல் கேட்டது. அவர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"என் பங்கையும் எடுத்தியா அண்ணே?"

"உனக்கு நன்மைதானேடா."

ஹஜ்ரத் தொண்டையைச் செருமினார். "உங்க பாதி நிறைவேறிடுச்சு பாய். தம்பியோட பாதி நிறைவேறல. கொடுக்கறவரு மனசுல நிய்யத்து வேணும். அவருக்கே தெரியாம அவரு நிய்யத்து எங்கிருந்து வரும்? அது ஜகாத்து இல்ல. கேக்காம எடுத்த பொருள்."

நிய்யத்து என்றால் மனசார நினைத்துக்கொள்வது. தொழுவதற்கும் அது வேண்டும், நோன்புக்கும் அது வேண்டும். இது எங்கள் வீட்டுச் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அத்தாவுக்குத் தெரியாதா? தெரிந்தேதான் செய்தாரா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

"இப்ப என்ன செய்யறது?" என்றார் அத்தா. அவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசிக் கேட்டதில்லை.

"உப்பு இன்னும் அங்கேயே இருக்குது. வாங்கினவங்க விக்கல. அதுக்குள்ள தம்பி மனசார நிய்யத்து வெச்சா அவருக்கும் சேந்துரும். வெக்கலேன்னா அவரு பாதிய அவரு எடுத்துக்கலாம். கட்டாயப்படுத்த யாராலயும் முடியாது. வாங்கினவங்களுக்கு விஷயத்தச் சொல்லிடுங்க."

சாச்சா எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். போகும்போது திரை ஓரம் நின்ற என்னைப் பார்த்தார். கண் சிவந்திருந்தது.

என் சந்தோஷம் ஒரு காப்பி குடிக்கிற நேரம்கூட நிற்கவில்லை.

அந்த 'அவங்க'

நோன்பு திறந்து கஞ்சி குடித்ததும் அத்தா அம்மாவைக் கூப்பிட்டார். "மைமூன் வீட்டுக்குப் போயி, பாதிதான் உங்களுதுன்னு சொல்லிட்டு வா. எனக்கு மூஞ்சி இல்ல."

"மைமூனா?" என்றாள் அம்மா. அந்த ஒரு வார்த்தையில் அத்தனை சந்தேகத்தையும் வைத்துக் கேட்டாள். பிறகு அவளுக்கே வெட்கமாகிவிட்டது.

மைமூன்மா தெருவுக்கே குர்ஆன் ஓதிக் கொடுத்தவர். எனக்கும், சாச்சாவின் இரண்டு பெண்களுக்கும் அவர்தான். கணவர் இறந்து வருஷங்கள் ஆகியிருந்தன. வெள்ளைத் துப்பட்டி கசங்காமல் இருக்கும், வீடு துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். அதைப் பார்த்தே அவருக்குக் குறையில்லை என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டோம். உண்மையில் அந்த வீட்டில் ஒருவேளைதான் உலை வைத்தார்கள் என்பது அன்றுதான் தெரிந்தது. மகன் சவுதிக்குப் போகவேண்டும். பம்பாய் ஏஜென்ட் பெருநாள் கழித்துச் சில வாரம் தவணை கொடுத்திருந்தான். அந்த அம்பாரம் முழுதாக விற்றால்தான் அவன் கேட்டது தேறும். பாதியில் தேறாது.

அவர் வீட்டில், என்னையும் கூட வைத்துக்கொண்டு, அம்மா தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தாள். மைமூன்மா அழவில்லை. துப்பட்டியை இழுத்து விட்டுக்கொண்டார்.

"நாளைக்கு நானும் அளத்துக்கு வர்றேன். ஹனீபா பாயும் வரணும்," என்றார்.

"நீங்க எதுக்கு வெளிய தெரியணும்? நாங்க பாத்துக்கறோம்," என்றாள் அம்மா.

"நீங்க பாத்துக்கிட்டதுலதான் இவ்வளவும் ஆச்சு," என்றார் மைமூன்மா.

மறுபடியும் அளத்தில்

கிழக்கே கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. அளத்து வெளிச்சம் கண்ணைக் கூசவைத்தது. நோன்பின் தாகத்தில் அந்த உப்புக் காற்று உதட்டை வெடிக்க வைத்தது. அத்தா ஒரு பக்கம், சாச்சா ஒரு பக்கம் நின்றார்கள். நாங்கள் மூன்று பெண்களும் வண்டியிலிருந்து இறங்கி வரப்பில் நடந்து போனோம்.

மைமூன்மாவைக் கண்டதும் சாச்சா திகைத்துப் போனார். அவர் யாரை எதிர்பார்த்தாரோ, இவரை இல்லை. "உங்களுக்கா?" என்றார்.

"எனக்குத்தான்," என்றார் மைமூன்மா. ஏகாம்பரமும் கூலி ஆட்களும் கேட்கும்படியே சொன்னார். "ஏகாம்பரம், கீத்தப் பிரிச்சு, இத ரெண்டா கொத்திக் குடுப்பா. ஒரு பாதி ஹனீபா பாயுது. சந்தேகம் இருக்கற பொருள் எனக்கு வேணாம்."

"மைமூன், மழை வருது. இப்பப் பிரிச்சா எல்லாமே போயிரும்," என்றார் அத்தா.

"போனாப் போவட்டும். ஹராமாச் சாப்புட மாட்டேன்."

ஏகாம்பரம் யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் நின்றான். மைமூன்மா அவன் கையிலிருந்த மண்வெட்டியைத் தானே வாங்கிக்கொண்டார். கீற்றை இழுத்துப் போட்டுவிட்டுக் கொத்த ஆரம்பித்தார். இறுகிப்போன உப்பு எளிதில் விடவில்லை. அடிக்கு அடி சின்னச் சின்னக் கட்டிகளாகப் பெயர்ந்தது. யாரும் தடுக்கவில்லை. எங்களுக்குக் கை வரவில்லை.

சாச்சா கிட்டே போனார்.

"எம் பொண்ணுங்க ரெண்டு பேருக்கும் ஓதிக் குடுத்தீங்க. ஒரு காசு வாங்கல நீங்க."

மைமூன்மா கொத்துவதை நிறுத்தவில்லை. "வாங்க மாட்டேன்னு நான் சொல்லல பாய். நீங்க குடுக்கல."

சாச்சா ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"இப்பவும் கேக்கல," என்றார் மைமூன்மா. "உங்க பாதிய எடுத்துக்கிட்டுப் போங்க. எம் மனசுல ஒண்ணும் இல்ல."

முதல் தூறல் விழுந்தது. உப்பின் மேல் விழுந்த இடமெல்லாம் புள்ளி புள்ளியாகக் குழி விழுந்தது. ஏகாம்பரம், "பாய், சீக்கிரம் ஒரு முடிவு சொல்லுங்க," என்று குரல் கொடுத்தான்.

சாச்சா திடீரென்று குனிந்து, கிடந்த கீற்றை வாரி எடுத்தார். பாதிக்கு மட்டும் இல்லை, முழுசுக்கும் போட்டார். கூலி ஆட்களைக் கூப்பிட்டார், ரோட்டுப் பக்கம் நின்ற ஒரு அம்பாரத்தின் கீற்றையும் உருவச் சொன்னார். உருவிய அம்பாரம் எங்களுடைய விற்பனைச் சரக்கு. அது நனைந்தது. சாச்சா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எல்லாம் மூடியானதும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றார். சட்டை ஒட்டிப்போய், தாடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "குடுத்துட்டேம்மா. மனசாரக் குடுத்துட்டேன். இது என் ஜகாத்து," என்றார்.

"அல்லா ஏத்துக்கட்டும்," என்றார் மைமூன்மா. அதற்குப் பிறகுதான் மண்வெட்டியைக் கீழே வைத்தார். கை இரண்டும் உப்பில் புண்ணாகிப் போயிருந்தன.

அத்தாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. தம்பியிடம் போய்த் தோளைத் தொட்டார். "பாத்தியாடா? நான் சொல்லல? இதுக்குத்தான் நான்…"

சாச்சா அந்தக் கையை எடுத்துக் கீழே விட்டார்.

"அண்ணே, அவங்களுக்குத்தான் குடுத்தேன். நீ எடுத்தத நான் குடுக்கல."

பெருநாள்

மைமூன்மாவின் மகன் பம்பாய் போனான், அங்கிருந்து சவுதி போனான். அந்தக் கதை நல்லபடியாகவே முடிந்தது.

எங்கள் கதை அப்படி முடியவில்லை. பெருநாள் தொழுகை முடிந்ததும் எல்லோரும் ஒருவரை ஒருவர் தழுவிக்கொள்வார்கள். சாச்சாவும் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரையும் தழுவியிருக்கிறார். அத்தா கையை விரித்துக்கொண்டு போனபோது, ஸலாம் சொல்லிக் கையை மட்டும் கொடுத்திருக்கிறார். அத்தனை பேர் முன்னால்.

அத்தா வீட்டுக்கு வந்தார். பிரியாணித் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு கை போடாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஏழைக்குத்தானே குடுத்தேன். நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்று அம்மாவைக் கேட்டார். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"கேக்காம எடுத்தீங்க," என்றாள் அம்மா. "கேட்டிருந்தா அவரே குடுத்திருப்பாரு."

ஆளுக்கு ஆள் அன்றைக்கு அதையேதான் சொன்னார்கள், கேட்டிருந்தால் கொடுத்திருப்பார் என்று. சாச்சியும் பின்கட்டிலிருந்து வந்து அதையே சொன்னாள்.

சாச்சா அதைச் சொல்லவில்லை. அடுத்த பட்டத்துக்குக் குத்தகையைப் பிரித்துக்கொண்டு, அளத்தின் நடுவே வரப்பு போட்ட அன்று நானே அவரிடம் நேராகக் கேட்டேன். "சாச்சா, அத்தா உங்ககிட்ட வந்து கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?"

வரப்பு மண்ணைக் காலால் மிதித்து இறுக்கினார்.

"தெரியலம்மா," என்றார். "அதத் தெரிஞ்சுக்க எனக்கு ஒரு வாய்ப்புதான் இருந்துச்சு. அதத்தான் உங்க அத்தா எடுத்துட்டாரு."